இலவச டி.வி.யில் இலவச லேப்டாப்பின் படம் தெரியுமா?

சில நூறு ரூபாயில் முடிகிற காரியம். தவறான கம்பி வாங்கினால் அந்தப் பணமும் வீண்!

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வட சென்னையின் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் சரி, சில வீடுகளில் இரண்டு பெட்டிகளைச் சேர்ந்தாற்போல் பார்க்கலாம். ஒன்று டெலிவிஷன் பெட்டி. மற்றொன்று மடக்கி வைக்கும் கம்ப்யூட்டரான லேப்டாப். இரண்டும் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தவை.

ஆனால் ஒரே வீட்டில் குடியிருந்தும் முகம் கொடுத்துப் பேசாத பங்காளிகளைப் போல, இந்த இரண்டு பெட்டிகளும் ஒன்றோடு ஒன்று பேசுவதில்லை. லேப்டாப்பில் ஓடும் பாடத்தை டி.வி.யில் போட்டுப் பார்க்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள், எந்தத் துளையில் எந்தக் கம்பியைச் சொருகுவது என்று தெரியாமல் திகைத்து நிற்கிறார்கள்.

"புது டி.வி. வாங்கிவிடுங்கள்; தவணையில் கட்டலாம்" என்று கடையில் யோசனை சொல்வார்கள். துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் அன்றாடம் உழைத்துச் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு மாதத் தவணை என்பது சிறிய பாரம் அல்ல. அந்தப் பாரத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ளும் முன்பு, இருப்பதை வைத்துக் காரியம் நடக்குமா என்று பார்த்துவிடுவது நல்லது. பெரும்பாலும் நடக்கும்!

இரண்டு பெட்டிகள் வந்த கதை

இலவச கலர் டெலிவிஷன் திட்டம் 2006-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் தொடங்கியது. 14 அங்குல டி.வி. பெட்டிகள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டன. அவை கண்ணாடிக் குழாய் வைத்த கனமான பெட்டிகள். பின்பக்கம் முதுகு புடைத்துக்கொண்டு இருக்கும்.

இலவச லேப்டாப் திட்டம் 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, சென்னைக்கு அடுத்த திருவள்ளூர் பக்கம் காக்களூரில் தொடங்கிவைக்கப்பட்டது. பிளஸ் 2 மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் லட்சக்கணக்கில் லேப்டாப்புகள் கிடைத்தன.

இடையில் ஐந்தே ஐந்து வருஷங்கள்தான். ஆனால் அந்த ஐந்து வருஷத்தில் டெலிவிஷன் தொழில் தலைகீழாக மாறிவிட்டது. கண்ணாடிக் குழாய் போய், சுவரில் மாட்டும் தட்டைத் திரை வந்தது. கம்பிகள் மாறின. துளைகள் மாறின. பழைய பெட்டி ஒரு பாஷை பேசுகிறது. லேப்டாப் வேறு பாஷை பேசுகிறது. சிக்கல் அவ்வளவுதான்.

கொரோனா காலத்தில் இந்தச் சிக்கல் எல்லோருக்கும் புரிந்தது. 2020-ம் ஆண்டு மார்ச் மாதம் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. 2019-ல் தொடங்கிய "கல்வித் தொலைக்காட்சி"யில் பாடங்கள் ஒளிபரப்பாயின. பிளஸ் 2 மாணவர்களின் லேப்டாப்பில் பாடப் படங்களைப் பதிந்து கொடுக்கும் ஏற்பாடும் நடந்தது. அக்காள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொள்ள, தம்பியும் தங்கையும் இரு பக்கமும் தலையை நீட்டிக்கொண்டு பார்த்த வீடுகள் எத்தனையோ! எதிரே முக்காலியில் டி.வி. பெட்டி சும்மா உட்கார்ந்திருந்தது.

இது புதிய விந்தை அல்ல

கம்ப்யூட்டரை டெலிவிஷனோடு இணைப்பது ஏதோ நேற்று கண்டுபிடித்த வித்தை என்று நினைக்கவேண்டாம். வீட்டுக் கம்ப்யூட்டர் பிறந்தபோதே டெலிவிஷன்தான் அதற்குத் திரையாக இருந்தது!

1977-ல் அமெரிக்காவில் வந்த "ஆப்பிள் 2", 1982-ல் வந்த "கமோடோர் 64", அதே ஆண்டு இங்கிலாந்தில் வந்த "சிங்க்ளேர் ஸ்பெக்ட்ரம்" ஆகிய எல்லாவற்றையும் வீட்டு டி.வி.யில் இணைத்தே பலர் பயன்படுத்தினார்கள். தனித்திரை வாங்கினால் செலவு அதிகம். ஆகையால் கம்ப்யூட்டர் தன் படத்தை டி.வி. நிலையத்தின் அலையைப் போலவே மாற்றி, ஆண்டெனா துளை வழியாக அனுப்பியது. டி.வி. பெட்டியும் அதை இன்னொரு சானல் என்று நினைத்து ஏமாந்து படம் காட்டியது.

சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி தொடங்கியது. 1984-ல் மத்திய அரசின் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் நமது நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த "பி.பி.சி. மைக்ரோ" கம்ப்யூட்டரிலும் டி.வி.யில் இணைக்க ஒரு துளை உண்டு. ஆகவே, இன்று நாம் செய்ய நினைப்பது பாட்டன் காலத்துப் பழக்கந்தான். கம்பிதான் வேறு.

முதலில் துளையைப் பாருங்கள்

கடைக்கு ஓடும் முன்பு, இரண்டு பெட்டிகளிலும் என்னென்ன துளைகள் இருக்கின்றன என்று பாருங்கள். ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். செல்போனில் படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

மூன்று வகைத் துளைகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வட்டத் துளைகள். இதற்கு "ஏ.வி." என்று பெயர். மஞ்சளில் படம் போகும். வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. இலவச டி.வி. போன்ற பழைய பெட்டிகளில் பெரும்பாலும் இதுதான் உண்டு.

இரண்டாவது, 15 சிறு ஓட்டைகள் மூன்று வரிசையில் உள்ள துளை. இதுவே "வி.ஜி.ஏ.". ஐ.பி.எம். கம்பெனி 1987-ல் கொண்டுவந்தது. இதில் படம் மட்டும் போகும், சத்தம் போகாது. சத்தத்துக்கு, காதில் மாட்டும் ஹெட்போன் துளையிலிருந்து தனிக் கம்பி இழுக்கவேண்டும்.

மூன்றாவது, தட்டையாக, கீழ்ப்பக்கம் சற்றுக் குறுகி இருக்கும் துளை. இதுதான் "எச்.டி.எம்.ஐ.". 2002-ம் ஆண்டு கடைசியில் இதன் முதல் விதிமுறைகள் வெளியாயின. 19 முனைகள் கொண்ட இந்த ஒரே கம்பியில் படமும் சத்தமும் சேர்ந்து போகும். இப்போது விற்கும் தட்டை டி.வி.க்கள் எல்லாவற்றிலும் இது உண்டு. இலவச லேப்டாப்புகள் பலவற்றிலும் பக்கவாட்டில் பார்க்கலாம்.

தட்டை டி.வி. இருந்தால்

வீட்டில் தட்டை டி.வி. வந்துவிட்டதா? வேலை சுலபம். ஒரு எச்.டி.எம்.ஐ. கம்பி வாங்குங்கள். சாதாரண வீட்டுக்கு இரண்டு மீட்டர் நீளம் போதும். ஐந்து மீட்டருக்கு மேல் போனால், மலிவான கம்பியில் படம் விட்டுவிட்டு வரலாம்.

இரண்டு பெட்டிகளையும் அணைத்துவிட்டுக் கம்பியைச் சொருகுங்கள். பிறகு ஸ்விட்சைப் போடுங்கள். டி.வி. ரிமோட்டில் "சோர்ஸ்" அல்லது "இன்புட்" என்ற பட்டனை அழுத்தி, எந்தத் துளையில் சொருகினீர்களோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

அப்படியும் படம் வரவில்லையா? பதற வேண்டாம். லேப்டாப்பில் ஜன்னல் படம் போட்ட விண்டோஸ் பொத்தானையும், ஆங்கில எழுத்து "பி" பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள். நான்கு வழிகள் திரையில் தோன்றும். இரண்டு திரையிலும் ஒரே படம் வேண்டுமானால் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். டி.வி.யில் மட்டும் வேண்டுமானால் கடைசி வழி.

படம் வருகிறது; சத்தம் மட்டும் லேப்டாப்பிலேயே கேட்கிறது என்றால், திரையின் கீழ் மூலையில் உள்ள ஒலிபெருக்கிச் சின்னத்தை அழுத்தி, சத்தம் போகும் இடமாக டி.வி.யின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டால், குறை கம்பியில் இல்லை. டி.வி.யின் பட அமைப்பில் "ஜஸ்ட் ஸ்கேன்" அல்லது "ஸ்கிரீன் பிட்" என்று இருப்பதைப் போட்டால் சரியாகிவிடும்.

உடைந்த லேப்டாப்புக்கும் உயிர் வரும்

இங்கே ஒரு முக்கியமான விஷயம். லேப்டாப்பின் திரை உடைந்துவிட்டது, மாற்ற ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள் என்று பரண் மேல் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. திரை உடைந்தால் கம்ப்யூட்டரே செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த லேப்டாப்பை இறக்கித் தூசி தட்டி, டி.வி.யோடு இணைத்துப் பாருங்கள். உள்ளே இயந்திரம் நன்றாக இருந்தால் டி.வி.யே அதற்குத் திரையாகிவிடும். பரணில் கிடந்தது படிப்புக்கு உதவும்.

பழைய குழாய் டி.வி.க்கு என்ன வழி?

லேப்டாப்பில் எச்.டி.எம்.ஐ.; டி.வி.யில் மூன்று வண்ணத் துளைகள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு துபாஷி வேண்டும். அதுதான் "கன்வர்ட்டர்" என்ற தீப்பெட்டி அளவுள்ள சிறு பெட்டி. விலை சில நூறு ரூபாய்தான்.

ஆனால் இங்கேதான் ஏமாற்றமும் காத்திருக்கிறது. மூன்று தவறுகளில் ஒன்றையாவது பலர் செய்துவிடுகிறார்கள்.

முதல் தவறு: ஒரு முனையில் எச்.டி.எம்.ஐ., மறு முனையில் மூன்று வண்ணக் கம்பிகள் என்று வெறும் கம்பியாகவே ஒன்று விற்கிறது. பார்க்க அழகாக இருக்கும். விலையும் மலிவு. ஆனால் லேப்டாப்புக்கும் டி.வி.க்கும் நடுவே அது வேலை செய்யாது. எச்.டி.எம்.ஐ. அனுப்புவது எண்களாக மாற்றிய சைகை, பழைய டி.வி. கேட்பது ஏறி இறங்கும் மின் அலை. ஒன்றை மற்றொன்றாக மாற்ற உள்ளே மின்னணுச் சில்லு வேண்டும். வெறும் செம்புக் கம்பி எப்படி மொழிபெயர்க்கும்?

இரண்டாவது தவறு: கன்வர்ட்டரில் இரண்டு ஜாதி உண்டு. "எச்.டி.எம்.ஐ.யிலிருந்து ஏ.வி.க்கு" என்பது ஒன்று. "ஏ.வி.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு" என்பது மற்றொன்று. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போலவே இருக்கும். லேப்டாப்பிலிருந்து பழைய டி.வி.க்குப் படம் போக முதலாவதுதான் தேவை. மாற்றி வாங்கிவந்தால் எத்தனை நாள் தட்டினாலும் படம் வராது.

மூன்றாவது தவறு: கன்வர்ட்டருக்கு 5 வோல்ட் மின்சாரம் கொடுக்கவேண்டும் என்பதை மறப்பது. அதற்கென்று ஒரு சிறு யு.எஸ்.பி. கம்பி கூடவே வரும். அதை லேப்டாப்பிலோ, செல்போன் சார்ஜரிலோ சொருகவேண்டும்.

பக்கத்தில் ஒரு குட்டி ஸ்விட்சும் இருக்கும். அதில் "பால்", "என்.டி.எஸ்.சி." என்று இரண்டு நிலைகள். நமது நாட்டு டி.வி. முறை பால். அதில் வைக்காவிட்டால் சில பெட்டிகளில் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். அல்லது உருண்டுகொண்டே இருக்கும்.

எழுத்து ஏன் மங்குகிறது?

குழாய் டி.வி.யில் சினிமாப் படமும் பாடப் படமும் நன்றாகவே தெரியும். ஆனால் கம்ப்யூட்டர் எழுத்துக்கள் கலங்கித் தெரியும். பெட்டி கெட்டுவிட்டது என்று எண்ணவேண்டாம்.

நமது பழைய டி.வி. முறையில் ஒரு படம் 625 கோடுகளால் ஆனது. அதில் படத்துக்குப் பயன்படுவது 576 கோடுகள். வெளிச்சமும் வண்ணமும் மஞ்சள் கம்பி ஒன்றிலேயே கலந்து வருகின்றன. லேப்டாப் திரையிலோ குறுக்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். பெரிய பானைத் தண்ணீரைச் சிறு செம்பில் ஊற்றினால் வழியத்தானே செய்யும்!

இதற்குப் பரிகாரம் உண்டு. திரை அளவை 800-க்கு 600 என்று குறைத்துக்கொள்ளுங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். படிக்கவேண்டிய பாடத்தை லேப்டாப்பிலும், பார்க்கவேண்டிய படத்தை டி.வி.யிலும் வைத்துக்கொண்டால் கண்ணுக்குத் துன்பமில்லை.

செல்போனிலிருந்து முடியுமா?

லேப்டாப் இல்லாத வீட்டிலும் செல்போன் இருக்கிறது. புதிய ஸ்மார்ட் டி.வி.யாக இருந்தால் கம்பியே இல்லாமல் போன் படத்தை அதில் காட்டலாம். போனின் அமைப்புகளில் "காஸ்ட்" அல்லது "ஸ்கிரீன் மிரரிங்" என்று இருக்கும். சாதாரணத் தட்டை டி.வி.யாக இருந்தால், எச்.டி.எம்.ஐ. துளையில் சொருகும் குச்சி போன்ற கருவிகள் கிடைக்கின்றன.

போனின் டைப்-சி துளையிலிருந்து கம்பி இழுக்கலாம் என்று சொல்லி விற்பார்கள். அவசரப்படவேண்டாம். துளை ஒரே மாதிரி இருந்தாலும், மலிவான போன்கள் பலவற்றில் அந்த வழியாகப் படம் வெளியே வராது. உங்கள் போன் மாடலுக்கு அந்த வசதி உண்டா என்று கேட்டுக்கொண்டு, கடையிலேயே சொருகிப் பார்த்து வாங்குங்கள்.

எங்கே வாங்குவது?

வட சென்னைவாசிகள் இதற்காக வெகுதூரம் அலையவேண்டியதில்லை. ராயபுரத்திலிருந்து ரெயிலில் ஒரே ஸ்டேஷன் போனால் கடற்கரை ரெயில் நிலையம். அதை ஒட்டியே பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பிவந்த தமிழர்கள் பிழைப்பதற்காக 1969-ல் உருவான கடைவீதி அது. மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவும் இருக்கிறது. கம்ப்யூட்டர், மின்னணுச் சாமான்களுக்கென்றே பெயர்பெற்ற தெரு.

போகும்போது செல்போனில் எடுத்த துளைப் படங்களைக் காட்டுங்கள். பில் கேளுங்கள். "வேலை செய்யாவிட்டால் மாற்றித் தருவீர்களா?" என்று வாங்குமுன் கேளுங்கள், வாங்கியபின் கேட்டுப் பயனில்லை.

புரொஜெக்டர் வேண்டுமா?

தெருவில் ஒரு படிப்பகம் இருக்கிறது. அல்லது ஒரு டியூஷன் வகுப்பு. நாற்பது பிள்ளைகளுக்கு 14 அங்குல டி.வி. போதாது. அப்போதுதான் புரொஜெக்டர் தேவைப்படுகிறது. இதிலும் இணைக்கும் முறை டி.வி.க்குச் சொன்னதுதான், எச்.டி.எம்.ஐ. அல்லது வி.ஜி.ஏ. கம்பி.

கவனிக்கவேண்டியது வெளிச்சம். புரொஜெக்டரைச் சுவரிலிருந்து இரு மடங்கு தூரம் நகர்த்தினால் படத்தின் அகலம் இரு மடங்காகும். ஆனால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதே வெளிச்சம் நான்கு மடங்கு பரப்பில் பரவுகிறதல்லவா? ஆகவே பகலில், ஜன்னல் திறந்த அறையில், மலிவான புரொஜெக்டர் பயன்படாது. இரவு வகுப்புக்கு அதுவே போதும். வெள்ளையடித்த சுவரோ, சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டிய வெள்ளை வேட்டியோ திரையாகிவிடும்.

விளம்பரத்தில் "4 கே படம் ஓடும்" என்று இருந்தால், அந்தப் பெட்டி 4 கே படம் காட்டும் என்று பொருளல்ல. அந்தப் படத்தை வாங்கிச் சுருக்கிக் காட்டும் என்றே பெரும்பாலும் பொருள். பெட்டியின் சொந்தப் புள்ளிக் கணக்கு எவ்வளவு என்று கேளுங்கள். விளக்கு வைத்த பழைய மாடலானால், வேலை முடிந்ததும் உடனே பிளக்கைப் பிடுங்கவேண்டாம். மின்விசிறி ஓடி நிற்கும் வரை பொறுத்தால் விளக்கு நீண்ட நாள் உழைக்கும்.

உப்புக் காற்றும் மின்சாரமும்

நமது பகுதிக்கென்று ஒரு தொல்லை உண்டு. கடல் காற்றில் வரும் உப்பு, கம்பி முனைகளை அரித்துப் பச்சை பூக்கச் செய்துவிடும். படம் விட்டுவிட்டு வருவதற்குப் பல சமயம் இதுவே காரணம். உபயோகிக்காத நேரத்தில் கம்பியைச் சுருட்டி மூடிய டப்பாவில் வையுங்கள். புரொஜெக்டரின் காற்று வடிகட்டியை அடிக்கடி தூசி தட்டுங்கள்.

லேப்டாப்பையும் டி.வி.யையும் ஒன்றாகத் தொடும்போது கையில் "சுரீர்" என்று உறைத்தால் அலட்சியம் வேண்டாம். எர்த் சரியில்லை என்று அர்த்தம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். இடி மின்னலின்போது கேபிள் கம்பியையும் பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.

குழாய் டி.வி.யின் பின்மூடியை ஒருபோதும் நீங்களாகத் திறக்கவேண்டாம். அணைத்த பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். உயிருக்கே ஆபத்து. பெட்டி முழுக்கக் கெட்டுவிட்டால் அதை உடைத்துக் குப்பையில் போடவும் கூடாது. அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. மின்னணுக் கழிவு வாங்க அனுமதி பெற்றவர்களிடமே கொடுக்கவேண்டும்.

பாடம் மட்டும்தானா?

இணைத்த பிறகு என்ன பார்ப்பது? அரசுப் பாடப்புத்தகங்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் கியூ.ஆர். கட்டத்தைப் போனில் காட்டினால் பாடப் படங்கள் வரும். பள்ளியிலோ, நண்பர் வீட்டிலோ பென் டிரைவில் பதிந்துகொண்டு வந்தால், இன்டர்நெட் இல்லாத வீட்டிலும் ஓடும்.

மீனவர் குடும்பங்களுக்கு இன்னொரு பயன். சென்னைத் துறைமுகக் கட்டடத்தின் உச்சியில் வானிலைத் துறையின் ரேடார் இருக்கிறது. அது எடுக்கும் மழை மேகப் படத்தை வானிலைத் துறை இணையத்தில் போடுகிறது. மீன் கிடைக்கக்கூடிய கடற்பகுதி எது என்பதை ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் தமிழிலும் அறிவிக்கிறது. 2023-ம் ஆண்டு டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தபோது எண்ணூர் பட்ட பாட்டை மறக்கமுடியுமா? ஒருவர் கைப்போனில் மட்டும் தெரியும் படத்தைச் சங்கக் கட்டடத்து டி.வி.யில் போட்டால் பத்துப் பேர் பார்த்துப் பேசி முடிவு செய்யலாம்.

இதற்கெல்லாம் கவர்னர் உத்தரவு தேவையில்லை. ஒரு கம்பி, வேண்டுமானால் ஒரு சிறு கன்வர்ட்டர். அதைச் சரியாகக் கேட்டு வாங்கத் தெரிந்தால் போதும். வீட்டில் பிளஸ் 2 படிக்கும் பிள்ளை இருந்தால், தவணைக் கடைக்குப் போகுமுன் இந்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு பெட்டிகளின் துளைகளையும் பார்த்துவிடுங்கள். மிச்சமாகும் பணம் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஆகும்!